பார்க்கிங்கில் ஒரு பங்காளிச் சண்டை

என் பைக்கின் வலது கண்ணாடியை ஒருவர் ஆக்கிரமித்திருக்கிறார். அலகோடு சேர்த்து அளந்தாலே பத்து சென்டிமீட்டர்தான், எடையும் பத்து கிராம் தேறாது. ஆண் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. பச்சைத் தொப்பி, மஞ்சள் வயிறு, கழுத்து வெயிலில் ஊதாவாக மின்னும். ஆள் அழகுதான், குணம்தான் சரியில்லை.

காலையில் ஆபீஸ் கிளம்ப இறங்கினால் "டக்... டக்... டக்". கண்ணாடியில் தெரியும் தன்னையே கொத்துகிறார். நடுநடுவே பின்பக்கம் எட்டிப் பார்க்கிறார். அங்கே யாரும் இல்லை. திரும்பி முன்னால் வந்தால் பயல் அங்கேயே நிற்கிறான்! மறுபடி டக். சண்டைக்கு நடுவே போட்ட எச்சமெல்லாம் என் டேங்கில்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காம்பவுண்டு ஓரத்து இட்லிப்பூச் செடி, செம்பருத்திக் கிளையில் தொங்கும் கூடு எல்லாம் அவர் பட்டா நிலம். நிஜமாகவே வேறொரு ஆண் நுழைந்தால் கொஞ்சம் கத்தி, கொஞ்சம் துரத்தினால் போதும், பெரும்பாலும் வந்தவன்தான் ஓடுவான். கண்ணாடிக்காரன் மட்டும் ஓடவே மாட்டேன் என்கிறான். இவர் எவ்வளவு வேகமாகக் கொத்துகிறாரோ அதே வேகத்தில் அவனும் கொத்துகிறான். எனக்கே கோபம் வரும்.

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று சிம்பன்சிக்குப் புரியும் என்பதை 1970இலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பறவைகளில் காக்கை இனத்தைச் சேர்ந்த மேக்பை 2008இல் அந்தத் தேர்வில் பாஸானது. நம்மவர் ஹால் டிக்கெட்டே வாங்கவில்லை.

"நூலாம்படை பொறுக்கிக் கூடு கட்டினதெல்லாம் அவ. இவருக்குக் கண்ணாடி முன்னாடி நிக்கவே நேரம் பத்தல" என்றாள் மனைவி. சொன்னது குருவியைத்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடியை மூடிவிட்டால் தீர்ந்தது என்று பழைய சாக்ஸை மாட்டினேன். தீரவில்லை. அடுத்த கண்ணாடிக்குப் போய்விட்டார், அது மூன்றாவது மாடி சாரின் புதுக் கார். "உங்க குருவியை என் கார்ப்பக்கம் ஏன் சார் அனுப்புறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய், பேரனின் குல்லாயை எடுத்து வந்து மாட்டினார். இப்போது பார்க்கிங்கில் நிற்கிற வண்டிகளெல்லாம் சாக்ஸும் குல்லாயும் பாலித்தீன் பையுமாக ஏதோ ஊட்டிக்குக் கிளம்பின மாதிரி இருக்கின்றன. வாட்ச்மேன் அண்ணனின் சைக்கிளுக்குக் கண்ணாடி இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றுகிறார்.

நேற்று சாப்பாடு கொடுக்க வந்த பையன் வண்டியைக் கீழே விட்டுவிட்டு மேலே ஏறினான். அவன் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல்:

"அண்ணே, இந்தக் குருவி உங்க வீட்டுதா? வண்டியை இப்பதாண்ணே கழுவினேன்!"