குடும்ப உழைப்பு என்ற பத்தி

வேளாண் இளநிலைப் படிப்பின் ஏழாம் பருவத்தில் வகுப்பறை கிடையாது. ஊரக வேளாண் பணி அனுபவம் என்ற பெயரில் கிராமத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும். பாடத்திட்டத்தில் அதற்கு 0+20 என்று குறித்திருப்பார்கள். கருத்தியல் பூஜ்யம், செய்முறை 20 கிரெடிட். 2018-இல் எங்கள் குழு தஞ்சைப் பகுதியில் ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டது. வேளாண் பொருளியல் பகுதிக்காக, முந்தைய சம்பாவுக்கான சாகுபடிச் செலவுக் கணக்கை விவசாயிகளிடம் கேட்டு எழுதுவது என் பொறுப்பு.

முதல் தாளிலேயே தவறினேன். சேலம் பக்கத்திலிருந்து வந்த எனக்கு ஏக்கரும் சென்ட்டும்தான் தெரியும். நான் முதலில் சந்தித்த விவசாயி "ஒம்பது மா" என்றதை ஒன்பது ஏக்கர் என்று எழுதிக்கொண்டேன். மொத்த மகசூல் 75 மூட்டை என்றதும் ஏக்கருக்கு எட்டு மூட்டைதான் வந்தது. பயிர் பொய்த்துவிட்டதோ என்று நான் வருத்தத்தோடு கேட்க, அவர் சிரித்துவிட்டார். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஓர் ஏக்கர் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கணக்கு. மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு 25 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ என்று எல்லாவற்றையும் அடித்துத் திருத்தினேன்.

விதை, உரம், உழவு, நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை ஆகியவை எளிதில் நிரம்பின. கையிலிருந்து போன காசு எவருக்கும் மறப்பதில்லை. இவற்றோடு தேய்மானம், நிலவரி போன்றவையும் சேர்ந்தது ஏ1 செலவு; குத்தகை நிலமாக இருந்தால் அந்தக் குத்தகையும் சேர்ந்து ஏ2. தாளில் அடுத்து நிரப்ப வேண்டிய பத்தி குடும்ப உழைப்பு. "வீட்டு ஆளுங்க எத்தனை நாள் வேலை செஞ்சீங்க?" என்று கேட்டதற்கு, "நான் ஒருத்தன்தான் தம்பி. அவங்க வேலைக்கெல்லாம் போறதில்ல" என்றார். திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் ஆமென்று தலையசைத்தார்.

பூஜ்யம் என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பேன். நாற்றங்கால் பற்றிக் கேட்டபோது பதில் சொன்னவர் அந்த அம்மாள் என்பதால்தான் நின்றேன். விதை நெல்லை ஊறவைத்தது, சாக்கில் கட்டி மூட்டம் போட்டது, முளை கட்டியதா என்று நடு இரவில் எழுந்து பார்த்தது, களையெடுப்பில் கூலி ஆட்களோடு தாமும் இறங்கியது, நெல்லைச் சாலையோரம் காயவைத்துக் கிளறிவிட்டது என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. எட்டு மணி நேரத்தை ஓர் ஆள்நாளாகக் கொண்டு மறுநாளும் போய்க் கூட்டிப் பார்த்ததில், அவருடைய உழைப்பு மட்டும் 27 ஆள்நாள். அந்த ஊரில் பெண்களுக்குக் கொடுக்கும் கூலியால் அதைப் பெருக்கியபோது தாளில் காட்டியிருந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்தது. சொந்த நிலத்துக்குரிய குத்தகை மதிப்பையும் முதலுக்கான வட்டியையும் சேர்த்து சி2 கணக்கிட்டதும் மிச்சமும் போய்விட்டது.

அந்த ஜூலையில்தான் நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 1,750 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலையாக அறிவிக்கப்பட்டிருந்தது. செலவு 1,166 ரூபாய், அதில் ஒன்றரை மடங்கு என்பது கணக்கு. அந்தச் செலவு ஏ2-வும் குடும்ப உழைப்பும் சேர்ந்தது; சி2 அல்ல. எதை அடிப்படையாகக் கொள்வது என்ற வாதத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால், குடும்ப உழைப்பு என்ற எண்ணே கேள்வி கேட்பவனின் பொறுமையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் என்பது எந்தப் பாடத்திலும் எனக்குத் தட்டுப்படவில்லை. முதல் நாள் எழுதிய மற்ற நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்கு மறுபடி போனேன். இம்முறை பெண்களிடம் கேட்டேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. நடவு ஆட்களுக்குச் சோறாக்கி வயலுக்குக் கொண்டுபோன நேரம் சாகுபடி வேலையா, வீட்டு வேலையா? வழிகாட்டி ஆசிரியரும் நானும் அரைமணி நேரம் பேசினோம். முடிவுக்கு வராததால் அதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து, கூட்டலில் சேர்க்காமல் அப்படியே சமர்ப்பித்தேன்.