கைப்பிடியை விடும் வரை: முதியோர் விழாமலிருக்கப் பிசியோதெரபி

ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவருக்குப் பயிற்சி தொடங்கும் முன் பிசியோதெரபிஸ்டுகளாகிய நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “விழுந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்பதுதான். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டியது என்றால் காரணம் ரத்த அழுத்தமாக இருக்கலாம். அண்ணாந்து பார்த்ததும் அறையே சுற்றியது என்றால் உட்காதைச் சோதிக்க வேண்டும். நடந்து திரும்பும்போது கால் பின்னியது என்றால்தான் நேராக எங்கள் வேலைக்கு வருகிறது.

அதனால் முதல் நாளே, 5 நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்க்கிறோம். எழுந்து நின்ற பின் 1ஆவது நிமிடத்திலும் 3ஆவது நிமிடத்திலும் மறுபடி பார்க்கிறோம். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், மாத்திரைப் பட்டியலோடு மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம். தூக்க மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே வழிதான். இதைச் சரிபார்க்காமல் செய்யும் பயிற்சி, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

அடுத்து மூன்று அளவுகள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறோம். நாற்காலி சுமார் 43 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், சுவரில் ஒட்டிப் போட்டிருக்க வேண்டும். 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 10க்கும் குறைந்தால் தொடைத் தசை தளர்ந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டி வைத்து நிற்பது. 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் பேலன்ஸ் குறைந்திருக்கிறது.

இனி பயிற்சி. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் எங்களுக்கு நல்ல சட்டகம்: வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம் கால் வலுவுக்கும் பேலன்ஸுக்கும், அதோடு வாரம் 2 நாளாவது நடை. முழங்காலை நீட்டுவது, மடக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது ஆகியவற்றைக் கணுக்காலில் எடைப்பட்டை கட்டிச் செய்யவைக்கிறோம். மூச்சு பிடிக்காமல், நடுங்காமல் 10 முறை வரும் எடைதான் தொடக்க எடை. பலருக்கு அது 1 கிலோவிலிருந்து வரும், சிலருக்கு எடையே வேண்டியதில்லை. நிலை பிசகாமல் 10 முறை வீதம் இரண்டு சுற்று வந்த பிறகே எடையைக் கூட்டுவோம்.

நாற்காலியிலிருந்து எழுவதைத்தான் நாங்கள் மணிக்கணக்காகத் திருத்துகிறோம். ‘எழ முடியவில்லை’ என்பவரின் பாதத்தைப் பாருங்கள், முழங்காலுக்கு வெகு முன்னே நீண்டிருக்கும். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை சாய்ந்தால் இடுப்பு தானாகத் தூக்கிக்கொள்ளும். உட்காரும்போது கடைசி நான்கு விரற்கடையில் ‘தொப்’பென்று விழுகிறார்களே, தசை வளர வேண்டியது அந்த இடத்தில்தான். மூன்று எண்ணி உட்காரச் சொல்கிறோம். முதுகெலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமானவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) இடுப்பிலிருந்து சாய வேண்டும். முதுகை வளைக்கக் கூடாது. குனிந்து கால்விரலைத் தொடுவதும், குனிந்தபடி உடம்பை முறுக்குவதும் அவர்களுக்கு வேண்டாம். இப்படிப்பட்ட அசைவுகளில் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும்.

பேலன்ஸ் பயிற்சியில்தான் பெரும்பாலோர் தேங்கிவிடுகிறார்கள். கனமான மேசையைப் பிடித்து நிற்கும்போது நகங்களைக் கவனிப்போம். வெளுத்திருந்தால் பேலன்ஸைச் செய்வது கை, கால் அல்ல. எனவே படிப்படியாக: உள்ளங்கை, இரண்டு விரல், ஒரு விரல், பிறகு கை மேசைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில். பின்னால் நாற்காலி, பக்கத்தில் ஒருவர். கொஞ்சம் தள்ளாடி, தானே சமாளித்து நிற்க வேண்டும். தள்ளாட்டமே இல்லாத பயிற்சி உடம்புக்கு எதையும் கற்றுத்தராது. ‘பத்திரமாகச் செய்யட்டும்’ என்று கடைசிவரை கைப்பிடியோடு விட்டுவிடுவதுதான் குடும்பத்தார் செய்யும் அன்பான தவறு. பிறகு குதிகாலில் நடை, பக்கவாட்டு நடை, எட்டு வடிவத்தில் திரும்பும் நடை, பேசிக்கொண்டே நடை.

“தினமும் நடக்கிறேனே, போதாதா?” என்பார்கள். போதாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சி விழுதல்களை ஏறக்குறைய 23 சதவீதம் குறைக்கிறது என்றது. அந்தப் பலன் பேலன்ஸும் அன்றாட அசைவுகளும் சேர்ந்த பயிற்சியில் உறுதியாகத் தெரிந்தது. நடை மட்டுமே செய்தால் குறையும் என்பதற்கு அப்படி உறுதி கிடைக்கவில்லை.

கைத்தடியையும் பார்த்துவிடுங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். வலுக்குறைந்த காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அடி ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

தரையிலிருந்து எழப் பழக்குவதைப் பலர் தவிர்க்கிறார்கள், நாங்கள் விடுவதில்லை. மணிக்கணக்கில் தரையில் கிடப்பதே தசையைச் சிதைத்துப் புண்ணை உண்டாக்கும். முறை இது: பக்கவாட்டில் உருண்டு, முழங்கையில் எழும்பி, தவழும் நிலைக்கு வந்து, நாற்காலிவரை தவழ்ந்து, இரு கையையும் இருக்கையில் ஊன்றி, வலுவான பாதத்தை முன்னே வைத்து எழுந்து, திரும்பி உட்காருவது. பழக்கும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் செல்கிறோம். முதல் வாரம் ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி எழுவது மட்டும்.

உண்மையில் விழுந்துவிட்டால், இதைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்து சோதிக்க வேண்டும். தொடை இடுக்கில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது, தலையில் அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் எழ முயலக் கூடாது, யாரும் தூக்கி நிறுத்தவும் கூடாது. போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸை அழையுங்கள்.