எகனாமைசரின் பின் மூலை: ஒரு ட்யூப் லீக் நாட்குறிப்பு

மே 9, இரவு 11.40

கத்திரி தொடங்கி ஆறு நாள் ஆகிறது. ஊரெல்லாம் ஏ.சி. ஓடுகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று பிடிக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை காற்றாலைகளை நம்ப முடியாது. இந்த நேரம் பார்த்து எங்கள் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட்டில் டி.எம். தண்ணீர்ச் (உப்புகள் நீக்கிய தண்ணீர்) செலவு ஏறுகிறது. வழக்கமாக மணிக்கு 8 டன் போகும். மாலையில் 14 ஆனது, இப்போது 22.

பாய்லருக்குள் போகும் தண்ணீர் நீராவியாகி, டர்பைனைச் சுற்றிவிட்டு, குளிர்ந்து மறுபடி பாய்லருக்கே வருகிறது. இப்படிச் சுற்றி வரும் தண்ணீர் குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது.

ஃபோர்மேன் அண்ணனோடு செகண்ட் பாஸ் தளத்துக்கு, அதாவது பாய்லரில் புகை கீழே இறங்கும் பின்பகுதிக்கு, ஏறினேன். அவர் ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை மேன்ஹோல் கதவில் ஊன்றி மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்டார். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம் பின் மூலைக்குப் போனதும் கம்பியை என்னிடம் நீட்டினார். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் கேட்குமே, அதுதான். கீழே ஹாப்பரைத் திறந்தால் மாவு போல உதிர வேண்டிய சாம்பல் ஈரமாகக் கட்டி கட்டியாக விழுந்தது.

எகனாமைசர்: வெளியேறும் புகையின் சூட்டில் பாய்லர் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் ட்யூப் அடுக்கு. மறுபடியும் அதே மூலை.

மே 10

எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் லோடு டிஸ்பேட்ச் மையத்தில், இன்று மாலை தேவை உச்சத்தில் இருக்கும் பீக் வரை ஓட்ட முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் நிலைமை புரிகிறது. ஆனால் எகனாமைசரில் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்துக்கு மேல் நிற்கிறது. ஓட்டையிலிருந்து பீய்ச்சும் தாரை பக்கத்து ட்யூபைக் கத்தி மாதிரி அறுக்கும். அறுபட்ட ட்யூப் அதற்கடுத்ததை அறுக்கும். இன்று நிறுத்தினால் நாலைந்து ட்யூபோடு போகும், நாளை நிறுத்தினால் எத்தனை போகும் என்று சொல்ல முடியாது. தேவை குறைவாக இருக்கும் விடியற்காலை 4 மணிக்கு யூனிட்டை நிறுத்திவிட்டோம்.

நிறுத்தியதும் உள்ளே போய்விட முடியாது. 540 டிகிரி நீராவியில் ஓடிய டர்பைன் ரோட்டரைச் சும்மா நிற்க விட்டால் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் குளிர்ந்தும் வளைந்துவிடும். அதனால் பாரிங் கியரில் போட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பாய்லர் டிரம் 10 சென்டிமீட்டருக்கும் மேல் கனம். அதன் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் 50 டிகிரியைத் தாண்டாதபடி, புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஐ.டி. ஃபேனை ஓட்டிக் குளிர வைக்கிறோம். நாளைக் காலைக்கு முன் கதவு திறக்க முடியாது.

காத்திருந்த நேரத்தில் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பதினான்கு மாதத்தில் இது மூன்றாவது லீக். மூன்றும் வலது பின் சுவரை ஒட்டி, இரண்டு கைப்பிடி தூரத்துக்குள். முந்தைய இரண்டு முறையும் "ட்யூப் மாற்றப்பட்டது, ஷீல்டு (ட்யூப் மேல் காப்புறை) போடப்பட்டது" என்று எழுதி மூடியிருக்கிறோம். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது.

மே 11

காலை ஒன்பதரைக்கு உள்ளே போனோம். 24 வோல்ட் கைவிளக்கு, முழங்காலுக்குச் சாக்கு. வெல்டர் அண்ணன் எனக்கு முன்னால் ஊர்ந்துகொண்டே "பார்த்து வாங்க மேடம், வலது பக்கம் தொடாதீங்க, இன்னும் சூடு இருக்கு" என்றார். பாம்பு போல மடிந்து மடிந்து அடுக்கடுக்காக நிற்கும் காயில்கள். அவற்றின் வளைவுகளுக்கும் பின் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. என் தோள் நுழையும் அகலம்.

ஐந்து ட்யூபில் ஓட்டை. எது முதலில் போனது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வேலை. நான்கில் ஓட்டையைச் சுற்றிக் குழி பறித்தது போல இருந்தது. அவை தாரை அடித்துப் போனவை. ஒன்று மட்டும் வேறு மாதிரி. வெளிப்பக்கம் பளபளவென்று, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்து, கிழிந்த விளிம்பு பிளேடு போல மெல்லிசாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழு உருண்டை, மறுபக்கம் தட்டை. சாம்பல் தேய்த்த தேய்ப்பு.

இந்த யூனிட் முழு லோடில் ஒரு நாளைக்கு 3,000 டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வந்து கப்பலேறி வரும் கரியில் சாம்பல் 40 சதவீதம் அளவில் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு பறக்கும். கணக்குப் போட்டால் தினம் கிட்டத்தட்ட ஆயிரம் டன் நுண்மணல் இந்தக் காயில்களை உரசிக்கொண்டு இறங்குகிறது. சாம்பலைக் குறைப்பது நம் கையில் இல்லை. அது என்ன வேகத்தில் உரசுகிறது என்பது நம் கையில் இருக்கிறது.

அல்ட்ராசோனிக் மீட்டரில் கனம் எடுத்தோம். புது ட்யூப் 4.5 மில்லிமீட்டர். சுவரோரம் 1.9, 2.2, 2.0. நான்கு ட்யூப் தள்ளி உள்ளே போனால் 4.2. ஒரே புகை, ஒரே சாம்பல், ஒரே வயது. அப்படியானால் சுவரோரம் மட்டும் என்ன?

மதியம் பின் சுவரில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது பதில் கிடைத்தது. சந்தின் வாயை மறைத்து நிற்க வேண்டிய தகடு அந்த மூலையில் ஒன்றரை மீட்டருக்கு இல்லை. வெட்டிய அடையாளம் மட்டும் இருக்கிறது. முன்பொரு பழுதின்போது ஆள் நுழைய வழி வேண்டுமென்று வெட்டியிருக்கிறார்கள், திரும்ப வைக்கவில்லை.

மே 12

ஒன்பது ட்யூபை வெட்டியெடுத்து மாற்றுகிறோம். போனது ஐந்து, கனம் குறைந்து நிற்பது நான்கு. மொத்தம் பதினெட்டு ஜாயிண்ட்.

வெல்டர் அண்ணன் திருவெறும்பூர்க்காரர், ஹை பிரஷர் சான்றிதழ் வைத்திருப்பவர். காயில் கிடைமட்டமாக இருப்பதால் வடித்த பிறகும் உள்ளே தண்ணீர் தங்கி வெட்டிய வாய்க்குச் சொட்டிக்கொண்டே வருகிறது. ஈரம் பட்டால் வெல்டிங்கில் ஊசித் துளை விழும். அவர் டீக்கடையில் வாங்கி வந்த பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவை உருட்டி ட்யூபுக்குள் விரலால் திணித்தார். சொட்டு நின்றது. பின்னால் தண்ணீர் ஏற்றும்போது பிரெட் கரைந்து போய்விடும். அடுத்து ட்யூபின் பின்பக்கம். அங்கே டார்ச்சு போகும், கண் போகாது. சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே டிக் வெல்டிங் போட்டார். பிம்பத்தில் எல்லாம் தலைகீழ். கை வலது போனால் கண்ணுக்கு வேறு திசை. ஒரு ஜாயிண்டுக்கு முக்கால் மணி நேரம், கை ஒரு முறைகூட நடுங்கவில்லை. இரவு எல்லாரையும் வெளியேற்றிவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். பதினெட்டில் பதினேழு பாஸ். ஒன்றை அவரே அறுத்துத் திரும்பப் போட்டார்.

எனக்கு இன்று வெளியேதான் வேலை அதிகம். "ட்யூப் முடிந்தது, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) போட்டு யூனிட்டைக் கொடு" என்கிறார்கள். தகட்டையும் சரிசெய்து காற்றோட்டம் அளந்து பார்க்க இன்னும் ஒரு நாள் வேண்டும் என்றேன். ஒரு நாள் என்றால் 50 லட்சம் யூனிட் மின்சாரம், அது எனக்கும் தெரியும். ரெஜிஸ்டரின் மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். மூன்று லீக், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாளுக்குக் குறையாத நிறுத்தம். எஸ்.இ. (மேற்பார்வைப் பொறியாளர்) சார் வெகுநேரம் பார்த்தார். "சரி, இருபது மணி நேரம்" என்றார்.

மே 13

காலையில் குளிர்காற்றுச் சோதனை. அடுப்பு அணைந்திருக்க, ஃபேன்களை மட்டும் ஓட்டிவிட்டு, காயில் மேல் சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம், காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைப் பிடிப்பது. நானும் ஒரு ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) தம்பியும் உள்ளே. சாம்பல் கண்ணில் அடிக்கிறது, கண்ணாடி போட்டும் போதவில்லை.

நடுவில் எங்கு பிடித்தாலும் நொடிக்கு 3.2 மீட்டருக்கு அக்கம்பக்கம். தகடு இல்லாத சந்தில் 8.4. தம்பி நம்பாமல் மூன்று முறை பிடித்தான்.

சாம்பல் அரிப்பு வேகத்தோடு நேர்விகிதத்தில் போவதில்லை. வேகம் இரட்டித்தால் அரிப்பு ஏறத்தாழ பத்து மடங்காகும். இங்கே வேகம் இரண்டரை மடங்குக்கு மேல், அரிப்பு இருபது மடங்கு. ஷீல்டு போட்டால் ஷீல்டு தேயும், அப்புறம் ட்யூப் தேயும்.

பழையபடி முழுத் தகட்டை வைத்து அடைப்பதுதான் எல்லாரும் சொன்ன வழி. எனக்கு அதில் சம்மதமில்லை. இடது பக்கம் முழுத் தகடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் விளிம்பை ஒட்டிய ட்யூபின் கனம் நேற்று 3.1 மில்லிமீட்டர்தான் வந்தது. வழியை மொத்தமாக அடைத்தால் புகை விளிம்பில் திரும்பி அங்கே வேகமெடுக்கிறது. அதனால் ஸ்டெயின்லெஸ் தகட்டில் துளை போட்டு, கிட்டத்தட்ட பாதி திறப்பாக, சந்துக்கு மேலே சல்லடை மாதிரி பொருத்தினோம். புகை போகட்டும், அவசரப்படாமல் போகட்டும். துளை போட ஒர்க்‌ஷாப்பில் மூன்று பேர் சாப்பிடக்கூடப் போகாமல் நின்றார்கள்.

மாலை 6.20க்கு மறு சோதனை. சந்தில் 3.9, சல்லடை விளிம்பில் 3.7. தம்பி உள்ளேயிருந்து கத்திச் சொன்ன எண்ணை வெளியே ஃபோர்மேன் அண்ணன் திரும்பக் கத்தி உறுதி செய்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மே 14

விடியற்காலை ஹைட்ரோ டெஸ்ட். அழுத்தம் இறங்கவில்லை. விளக்கோடு ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்த்தோம், ஒரு வியர்வைத் துளி இல்லை. 9.10க்கு லைட் அப், அடுப்பைப் பற்றவைத்தோம். இரவு டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொட்டது. 10.35க்கு கிரிட்டோடு சேர்த்தார்கள்.

டி.எம். செலவு 7.

மே 15

தூங்கி எழுந்து மதியம்தான் போனேன். 22 ட்யூபின் கனத்தையும் எண்ணோடு வரைபடமாகப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டினேன். சல்லடை எங்கே, திருகு எங்கே, ஆள் நுழைய வேண்டுமானால் எதைக் கழற்ற வேண்டும் என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். வெட்ட வேண்டாம், நான்கு போல்ட்டைக் கழற்றினால் போதும். கழற்றியவர் திரும்ப மாட்டிக் கையெழுத்துப் போட ஒரு கட்டமும் விட்டிருக்கிறேன். இடது பக்க முழுத் தகட்டை அடுத்த ஆண்டுப் பராமரிப்பில் மாற்றக் குறிப்பு கொடுத்தாகிவிட்டது, தகடு இன்றே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

வெல்டர் அண்ணன் இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகிறார். மிச்சமிருந்த பிரெட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.