கிடுகு, ஓடு, தகரம்

திருகோணமலையில் மூதூர் பஸ்ஸில் ஏறியதுமே அம்மா ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். கிண்ணியாப் பாலத்தில் என்னைத் தட்டி எழுப்பினார். 2009இல் இந்தப் பாலம் திறக்கப்படும்வரை இங்கே ‘பாதை’ ஓடியது. பாதை என்றால் தெருவல்ல, வாகனங்களை அக்கரை சேர்க்கும் மிதவை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்கவேண்டும். அதற்குப் பயந்தே பலர் துறைமுகத்திலிருந்து லோஞ்சில் மூதூருக்குப் போனார்களாம்.

எங்கள் பயணம் அம்மா அ, ஆ எழுதிய பள்ளிக்கூடத்துக்கு. சம்பூர்ப் பக்கத்துச் சிறு கிராமம். ஐந்தாம் வகுப்புவரைதான். பெயர் வேண்டாம், அங்கே ஏற்கெனவே போதுமான அளவு விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தொடங்கிய ஆண்டைக் கேட்டால் ஊரில் மூன்று விடை கிடைக்கிறது. கூரையைக் கேட்டால் எல்லோரும் ஒரே கதை சொல்கிறார்கள். முதலில் கிடுகுக் கொட்டில். கிடுகு என்றால் பின்னிய தென்னோலை. அரை ஆள் உயர மண்சுவர், சாணம் மெழுகிய தரை. மாரி பிறக்குமுன் வீட்டுக்கு வீடு கிடுகு கொடுக்கவேண்டும். அதுதான் அந்தக் காலத்து வசதிக்கட்டணம். அம்மாவும் தலையில் இரண்டு சுமந்து போயிருக்கிறார். வழியில் ஒன்றை மாடு தின்றுவிட்டது என்று வாத்தியாரிடம் சொல்லி அடி வாங்கியதை இப்போதும் நியாயமில்லை என்கிறார். மாடு உண்மையாகவே தின்றதாம்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடெங்கும் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தன. இங்கே ஓடு வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். ஓடு வந்தபின் கிடுகு கேட்டு யாரும் வீடுகளுக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் ‘கவர்மேந்து’ ஆனது அன்றைக்குத்தான் என்பது அம்மாவின் கணக்கு. சட்டத்தின் தேதியைவிட இதுவே எனக்குச் சரியாகப் படுகிறது.

2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் குண்டுகள் விழத் தொடங்கின. சனம் வெருகல் கடந்து மட்டக்களப்புக்கு ஓடியது. பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை என முகாம்கள். பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழே படித்தார்கள். சம்பூரில் அரசு பிடித்துவைத்திருந்த காணிகள் 2015இலும் 2016இலும் கட்டங்கட்டமாகத்தான் விடுபட்டன. ஒன்பது, பத்து ஆண்டுகள். முகாமில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையை நெருங்கிவிடும் காலம்.

இப்போது தகரக் கூரை. அதிபர், பள்ளிக்கூடத்து நடப்புகளைக் குறித்துவைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இடப்பெயர்வுக்குப் பிந்தியது மட்டுமே இருக்கிறது. மாசி, பங்குனிப் பக்கங்களில் வரவு குறைவதை அம்மா உடனே கண்டுபிடித்தார். பெரும்போக நெல் அறுவடைக் காலம். அந்த ஒன்று மட்டும் மாறவில்லை. வசதியுள்ளவர்கள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பிள்ளைகளை வான் வண்டியில் மூதூருக்கு அனுப்புகிறார்கள். எஞ்சியவர்கள் இங்கே.

பதினொரு மணிக்கு மேல் தகரத்தின் கீழ் இருக்கமுடிவதில்லை. அதனால் பெற்றோர் சிலர் சேர்ந்து முதலாம் வகுப்பின் தகரத்துக்கு உட்புறமாகக் கிடுகு கட்டியிருக்கிறார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தார். வாங்கில் ஏறித் தொட்டும் பார்த்தார்.

“ஓலையை வடிவாக ஊறப்போடவில்லை. அடுத்த மாரிக்குள் உக்கிவிடும்” என்றார் அதிபரிடம்.