படகு வருவதற்குள் முடிய வேண்டிய பேச்சு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டிசம்பர் வந்தால் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும். வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சை எல்லாம் ஊர்க்காரர்கள் அந்த வெளிச்ச மாதங்களில்தான் பேசித் தீர்க்கிறார்கள். அப்படிப் பேச்சு நிகழ்ச்சிகள் நடக்கும் இடங்களில் எனக்குப் பிடித்தது பீக்ஸ் தீவு நூலகம்.

போர்ட்லாந்து துறையிலிருந்து படகில் 20 நிமிடத்துக்குள் போய்விடலாம். நிர்வாகத்தில் தீவும் போர்ட்லாந்து நகரத்தைச் சேர்ந்ததே. நூலகம் நகர நூலகத்தின் கிளை. இறங்கி மேட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் சமூகக்கூடத்தோடு ஒட்டியபடி இருக்கிறது. குளிர்காலத்தில் தீவில் ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். கோடையில் கூட்டம் பல மடங்கு. ஆனாலும் பேச்சு கேட்க வருகிறவர்கள் ஓர் அறைக்குள் அடங்கிவிடுவார்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

ஏனென்றால் அங்கே பேசுகிறவரால் அளந்துவிட முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களை மறுநாள் காலையில் படகு வரிசையில் அவர் பார்த்தாக வேண்டும். பேட்டரி ஸ்டீல் பற்றிய பேச்சில் இது நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், தீவின் கடலோரம் கட்டிய பீரங்கித் தளம் அது. 16 அங்குல வாயுள்ள இரண்டு பீரங்கிகள். ஒரு குண்டே ஏறக்குறைய ஒரு டன். எதிரி மேல் ஒரு தடவைகூடச் சுடவில்லை. சோதனைக்குச் சுட்டபோது வீட்டுக் கண்ணாடிகள் நொறுங்கிய கதையைத் தீவில் இன்றும் சொல்கிறார்கள். யார் வீட்டுக் கண்ணாடி என்று பேச்சாளர் சொல்ல ஆரம்பித்ததும் பின்வரிசையில் இரண்டு கை எழுந்தது. அப்புறம் பேச்சு அவர்கள் கைக்குப் போய்விட்டது. பேச்சாளரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

சிங்கி இறால் (லாப்ஸ்டர்) பிடிக்கும் ஒருவர் வந்த மாலையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரை, படம் எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை அளவுகோலை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற தகடு. ஓரங்கள் தேய்ந்து பளபளவென்று இருந்தது. இறாலின் கண்குழியில் ஒரு முனையைக் கொடுத்து, முதுகு ஓடு முடிகிற இடம்வரை அளக்க வேண்டும். மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் 5 அங்குலத்தைத் தாண்டினாலும் கடலுக்கே திரும்பிப் போக வேண்டும். இறால் சட்டை உரித்துவிட்டுப் போன ஓடு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அது வரிசையாகக் கைமாறி என் மகளிடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவுகோலைப் பொருத்தினாள். ஓடு முடிந்த பிறகும் ஓர் அரிசி அளவு இடம் மிச்சம் இருந்தது. “சின்னது, விட்டுடணும்” என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினார்.

முட்டையோடு பொறியில் ஏறும் பெண் இறாலின் வாலில் V வடிவத்தில் ஒரு வெட்டு வைத்து விட்டுவிட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அடுத்த முறை அது முட்டையில்லாமல் வேறொருவர் கையில் அகப்பட்டாலும், அந்த வெட்டு இருக்கிற வரை யாரும் அதை எடுத்துப்போக முடியாது. முன்பின் தெரியாத இன்னொரு மீனவருக்கு எழுதி அனுப்பும் கடிதம் மாதிரிதான் அது. தெற்கே, நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்கு மாநிலங்களின் கீழ்ப்பகுதிக் கடலில் நீர் சூடாகி இறால் வெகுவாகக் குறைந்துபோனதை அவர் சொன்னபோது அறை அடங்கிவிட்டது. மெய்ன் வளைகுடாவும் வேகமாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. இந்த வெட்டும் அளவும் மட்டும் போதுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். போதாது என்றார், அவ்வளவுதான். சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தூத்துக்குடியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று சொன்னேன். அந்த 61 நாளும் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று இறால்காரர் உடனே கேட்டார். அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது, போதவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன். கடலை நம்பிப் பிழைக்கிறவர் முதலில் கேட்பது அந்தக் கேள்வியாகத்தான் இருக்கும். எத்தனையோ இடங்களில் ஊரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

கலை நிகழ்ச்சிகளும் உண்டு. அலமாரிகளுக்கு மேலே நீர்வண்ண ஓவியங்களை மாட்டிவைத்து, வரைந்தவரையே பேசச் சொல்வார்கள். கவிதை வாசிப்பில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசிக்கிறவரின் தொண்டை கமறுவதுகூடக் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து கேட்பது பெரிய அரங்கத்தில் வாய்க்காது. குடை உறைகளுக்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிற தீவு இது. ஒருவர் ஆசையாகச் சேர்த்ததை மற்றவர்கள் ஆசையாகவே பார்க்கப் போகிறார்கள். அந்தக் குணம் நூலகத்திலும் இருக்கிறது.

எட்டே முக்கால் ஆனால், படகைப் பிடிக்க வேண்டுமே என்று எல்லோர் கண்ணும் கடிகாரத்துக்குப் போகும். பேச்சாளருக்கும் தெரியும். கேள்வி பாதியில் நின்றால் மீதி படகுத்துறையில் நடக்கும். இறால்காரரும் எங்களோடு துறைவரை நடந்து வந்தார். தூத்துக்குடிச் சிங்கிக்கு முன்னால் பெரிய கொடுக்கு கிடையாது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு மாலையை ஒதுக்கி வையுங்கள். போகும்போது எடுக்கிற டிக்கெட்டே திரும்பி வரவும் செல்லும். பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி, ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதீர்கள். திரும்பும்போது மேல்தட்டில்தான் உட்கார இடம் கிடைக்கும், அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும். இலையுதிர்காலத்தில் வருவதாக இருந்தால், அந்தப் பீரங்கித் தளத்தின் இருட்டுச் சுரங்கங்களுக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தீவுக்காரர்கள் நடத்தும் கலைவிழாவையும் விசாரித்துக்கொண்டு வாருங்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.