90 நாள் பில்லும் ஒரு பூஜ்ஜியமும்

கோவை கணபதியில் மூன்று லேத், ஒரு சி.என்.சி. (கணினியில் இயங்கும் கடைசல் இயந்திரம்) வைத்து பம்ப் உதிரிபாகங்கள் செய்து கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பெரிய நிறுவனம் 38 லட்ச ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது. காஸ்டிங்கும் (வார்ப்பு இரும்பு உருவங்கள்) நானே வாங்கிக் கடைந்து தர வேண்டும். சரக்குக்குப் பணம் 90 நாள் கழித்துத்தான். வங்கியில் என் சி.சி. (தேவைக்கு எடுத்துக் கட்டும் தொழில் கடன்) வரம்பு 10 லட்சம். வங்கியில் கூடுதலாகக் கேட்டபோது சொத்து கேட்டார்கள். வீட்டுப் பத்திரத்தை ஏற்கெனவே வைத்துவிட்டேன். மிச்சமிருந்த ஒரே வழி, நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக் கடன்.

அப்போதுதான் டிரெட்ஸில் இறங்கினேன். பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலம் கேட்டு முன்கூட்டியே பணம் தரும் இணையச் சந்தை அது. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்றது. வட்டி நிறுவனத்தின் தரத்தைப் பார்த்து அமைகிறது, நம் பட்டறையைப் பார்த்து அல்ல. நிறுவனம் பிறகு பணம் கட்டாவிட்டாலும் வங்கி நம்மிடம் திரும்பக் கேட்காது. பான், ஜி.எஸ்.டி., சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் கொடுத்துப் பதிவு செய்தேன். சிக்கல் எதுவும் இல்லை. உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். பக்கத்துப் பட்டறைக்காரர் போலித் தளத்தில் 3,000 ரூபாய் கட்டி ஏமாந்தார்.

ஒன்றை மறக்காதீர்கள்: டிரெட்ஸ் பணம் சரக்கு போன பிறகுதான் வரும், காஸ்டிங் வாங்க வராது. அதனால் ஆர்டரை நான்கு தவணையாகப் பிரித்துத் தரச் சம்மதம் வாங்கினேன். முதல் தவணை 9,40,000 ரூபாய். சி.சி. பணத்தை முழுக்கப் போட்டு முடித்து அனுப்பினேன்.

பிறகு தொடங்கியது அலைச்சல். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு பில்லையும் அதில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு வாரம் காத்திருந்தேன், என் பில் நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டால் கணக்குப் பிரிவில் "சிஸ்டத்தில் ஒத்துவரவில்லை" என்ற ஒரே பதில். ரயிலேறி சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறையில் மாலை நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒப்புதல் தருபவர் விடுப்பில் இருக்கிறார் என்பதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். அந்த நாளை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

ஊர் திரும்பி, சரக்கை இறக்கிய கோவை ஆலையின் ஸ்டோர்ஸுக்குப் போனேன். அங்கிருந்த இளம்பெண் என் டெலிவரி சலானையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணினித் திரையோடு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். என் பில் எண் 017. வரவுப் பதிவில் 17 என்று ஏறியிருந்தது. அந்த ஒரு பூஜ்ஜியத்துக்காக 19 நாள்! பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. மூன்று வங்கிகள் கேட்டன. குறைந்த வட்டி 9.2 சதவீதம். 90 நாளில் மீதி 70 நாளுக்கு 16,500 ரூபாய் சொச்சம் கழிந்தது, சந்தையின் கட்டணம் தனி. இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தால் 43,000 தாண்டியிருக்கும். அடுத்த வேலை நாளில் பணம் கணக்கில் ஏறியது. அன்று மாலையே ஃபவுண்டரிக்கு முன்பணம் அனுப்பினேன்.

ஆர்டர் வாங்கும்போதே இரண்டை எழுத்தில் வாங்குங்கள்: எந்த டிரெட்ஸ் தளத்தில், எத்தனை நாளில் பில்லை ஒப்புக்கொள்வார்கள் என்று. இருவரும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். என் ஆர்டரில் பணம் தர 90 நாள் கெடு என்று அச்சிட்டிருந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் கெடு எழுதவே கூடாது. ஆர்டர் போய்விடும் என்று பயந்து அப்போது வாய் திறக்கவில்லை. மூன்றாம் தவணை அனுப்பும்போது அந்தச் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் வைத்தேன். 45 நாளாகத் திருத்தினார்கள். இப்போது சரக்கு இறங்கும்போது ஸ்டோர்ஸ் திரையில் என் பில் எண்ணைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். நான்காவது பில் இரண்டே நாளில் ஒப்புக்கொள்ளப்பட்டது.