கடைமுகத்தன்று மாயவரத்தில்

நவக்கிரகத் தலங்களுக்குக் கிளம்புகிறவர்களுக்கு மாயவரம், இன்றைய மயிலாடுதுறை, வெறும் ஜங்ஷன். இறங்கி ஒரு காபி, பிறகு வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ திருவாரூருக்கோ அடுத்த வண்டி. ஐப்பசியிலாவது ஊருக்குள் போய்விட்டு வாருங்கள் என்பேன்.

நாங்கள் போனது கடைமுகத்தன்று, அதாவது ஐப்பசியின் கடைசி நாள். காவிரியின் துலாக்கட்டப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஆற்றின் நடுவே நந்தி மண்டபம். இரண்டு கரையிலும் ஜனம். கங்கை முதலான நதிகளே இந்த மாதம் இங்கே வந்து நீராடித் தங்கள் பாவச் சுமையைக் கரைத்துக்கொள்வதாக ஐதீகம். தென்கரையில் மாயூரநாதர், வடகரையில் வள்ளலார் கோயில் வதான்யேஸ்வரர் என்று சுவாமிகள் வந்து நிற்க, குருக்கள் சுவாமியின் சூல வடிவமான அஸ்திரதேவரைக் கையில் ஏந்தித் தண்ணீரில் இறங்கினார். அவர் முங்கியதும் "சிவ சிவா" என்று மொத்தக் கூட்டமும் முங்கியது. கலங்கல் தண்ணீர்தான். யார் பார்த்தார்கள்!

ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கதை மறுநாளுக்கு உரியது. நடக்க முடியாத ஒருவர் தட்டுத்தடுமாறி வந்து சேர்வதற்குள் கடைமுகம் முடிந்துவிட்டதாம். அவருக்காக இறைவன் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்தார். முடவன் முழுக்கு என்று அந்த நாளிலும் கூட்டம் வருகிறது.

அம்பாள் மயிலாக வந்து பூஜித்த தலம் இது. அப்பரும் சம்பந்தரும் பாடியது. ஈரம் காயாமலே மாயூரநாதர் கோயிலுக்குப் போனோம். சேலை சாத்திய சிவலிங்கம் ஒன்று இங்கே உண்டு. ஈசனோடு கலந்த அனவித்யாம்பிகை என்ற பக்தை அது. அம்பாள் அபயாம்பிகை சன்னிதியில் மட்டும் அவசரப்படாமல் நின்றோம். முத்துசுவாமி தீட்சிதர் இவள்மேல் வரிசையாகக் கீர்த்தனைகள் பாடியிருக்கிறார், கேட்டுவிட்டுப் போனால் நிற்கத் தோன்றும்.

ரயில் பிரியர்களுக்கு ஒன்று: இங்கிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் போட்ட பாதை 1986-இல் நின்றுபோனது. வடக்கே போகும் பாதை அகலமாகி 2010-இல் மறுபடி வண்டி ஓடியது. அதில் வரும் நிலையம் ஆனந்ததாண்டவபுரம், நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஊர். நந்தனாருக்காக நந்தி விலகிய திருப்புன்கூரும் பக்கத்திலேயே இருக்கிறது. வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். அங்கே வாசலில் நின்று நந்தியைப் பாருங்கள், நேர்கோட்டில் இருக்காது.